காசியில் விடாதது

காசியிலிருந்து திரும்பிய மறுவாரம், பால்காரர் மணியடித்துவிட்டுப் போன சற்று நேரத்தில், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் தங்கமாரியப்பன் கொல்லைப்புறத்து வாஷ்பேசினில் குனிந்து, காறிக் காறிச் செருமி, கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, கடைசியில் ஒரு முழுக் கருப்பட்டி மிட்டாயைக் கக்கினார். முழுசு என்றால் முழுசு. சுற்றுச் சுற்றாக, கறுத்து, பாகு சொட்ட, கடைக்காரன் அப்போதுதான் ஓலைக்கொட்டானில் எடுத்து வைத்த மாதிரி ஒரு பல் படாமல், ஓர் இழை கரையாமல் அது பேசினின் வெள்ளைக் குழிவில் வழுக்கிக்கொண்டு போய்த் துளையை அடைத்துக் கிடந்தது. கூடவே அவருடைய எச்சில் நூலாக நீண்டு அதன் மேல் விழுந்தது.

அவர் மனைவி சண்முகத்தாய் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, குமட்டல்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுசன் வாயிலிருந்து வராததா, பொய் வந்திருக்கிறது, புகையிலைச் சாறு வந்திருக்கிறது, பஸ்ஸில் தீராத கோபமெல்லாம் வீட்டுக்கு வந்து வசவாக வந்திருக்கிறது, இன்றைக்கு மிட்டாய் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"ராத்திரி என்னத்தத் தின்னீக?"

"ஒண்ணும் திங்கலையே சம்முகம்." அவர் வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்து அதை உற்றுப் பார்த்தார். பயம் போய் முகத்தில் ஒரு சுவாரசியம் வந்தது. "இது நேத்துத் தின்னது இல்ல. பழைய பஸ் ஸ்டாண்டு முக்குல ஒரு கடை இருந்துச்சுல்ல, அவன் போட்ட சுத்து இது. அவன் செத்து எவ்வளவு வருசம் ஆச்சு."

அவள் பழைய பேப்பரை மடித்து அதை அள்ளினாள். பேப்பர் வழியாகக் கை சுட்டது. வயிற்றுச் சூடு. தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டபோது, செத்த எலியைக்கூட விடாத தெருநாய் ஒன்று ஓடி வந்து, மோந்து பார்த்து, வாலை இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனது.

வேலாயுத நகர் என்பது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் ஊரின் ஓரத்தில், ரிட்டயர் ஆனவர்கள் வீடு கட்டிக் குடியேறிய இடம். அங்கே ஒரு நடைப்பயிற்சிச் சங்கம் உண்டு. வெள்ளை ஷூ, தலையில் மப்ளர், கையை வீசி வீசி பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றுவார்கள், சுற்றி முடித்த கையோடு நேராக எதிர் டீக்கடைக்குப் போய், நடந்த புண்ணியத்துக்கு ஆளுக்கு ரெண்டு உளுந்தவடையும் சீனி தூக்கலாக ஒரு டீயும் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி தேகாரோக்கியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஷூ தேய்ந்ததே தவிர ஒருவர் வயிறும் தேய்ந்ததில்லை. சங்கத்தின் தலைவர் தங்கமாரியப்பன்தான்.

அவருக்கு இடது காலில் ஷூ உரசி ஒரு புண் வந்தது. சுண்டுவிரல் புண். ஆறவே இல்லை. டாக்டர் ரெஜினா கட்டுப் போடும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். "இனிப்ப நிறுத்தலேன்னா இந்த விரல் போயிரும் அண்ணாச்சி. விரலோட நிக்காது."

"நான் சீனி தொடுறதே இல்லையேம்மா. கருப்பட்டிதான். அது பனையில வந்தது, உடம்புக்குக் குளிர்ச்சி."

"பனையில வந்தா என்ன, பாதாளத்துல வந்தா என்ன, ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் தலையாட்டிவிட்டு வந்து, மாத்திரையைப் போட்டு, மாத்திரைதான் போட்டாயிற்றே என்று ஒரு மிட்டாயையும் எடுத்துக் கடிப்பார். சங்கத்தார் எல்லாரும் சேர்ந்து காசிக்குப் போகப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றைக் கங்கையில் விட்டுவிட்டு வர வேண்டும், விட்டதை உயிர் உள்ள வரைக்கும் தொடக் கூடாது. டாக்டர் சீட்டை மதிக்காதவன்கூட அதை மதிப்பான். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் வாளியைக் கொண்டு வந்தால் பக்கத்து இலைக்காரரே கையை நீட்டித் தடுப்பார், அவுக காசியில விட்டுட்டாக, வைக்காதே என்பார். ஊரே காவல் நிற்கும். "அந்த மிட்டாய அங்க விட்டுட்டு வந்துருங்க அண்ணாச்சி, உங்க கால் தப்பிச்சிரும்" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள்.

கங்கைப் படித்துறையில் முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்து, பண்டா என்கிற அந்த ஊர்ப் புரோகிதர் அரைகுறைத் தமிழில் கேட்டார், என்ன விடுறே. தங்கமாரியப்பன் வாயைத் திறந்தார். கருப்பட்டி மிட்டாய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே அதைச் சப்பி உள்ளே தள்ளிவிட்டு, "பாகற்காய்" என்றார். ஜென்மத்தில் அவர் பாகற்காய் தின்றது கிடையாது. தலைவர் காட்டிய வழியில் மற்றவர்களும் போனார்கள். ராத்திரிக்கு பரோட்டா இல்லாமல் தூங்காத வன்னியராஜ் வாத்தியார் அகத்திக்கீரையை விட்டார். மிளகாய் பஜ்ஜியைத் தட்டோடு முழுங்குகிற பூரணத்தம்மாள் சுரைக்காயை விட்டாள். சண்முகத்தாயின் முறை வந்தபோது தனக்குப் பிடித்தது எது என்று அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. யோசித்துக்கொண்டு நின்றாள். "அவளுக்கு எல்லாம் ஒண்ணுதான் சாமி, புடலங்காய்னு வச்சுக்கோங்க" என்று தங்கமாரியப்பன் குரல் கொடுத்தார். கங்கை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பேசாமல் போனது.

இப்போது அவர்கள் விடாதது ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கியது. தங்கமாரியப்பன் வீட்டில் மட்டும் இல்லை. வன்னியராஜ் வாத்தியாருக்கு பரோட்டா வந்தது, சால்னாவில் ஊறிய பரோட்டா, அடுக்கடுக்காக, ஈரத்துணியை உருவுகிற மாதிரி அவரே விரலை விட்டு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பூரணத்தம்மாளுக்கு மிளகாய் பஜ்ஜி காம்பு முன்னால் நீட்டிக்கொண்டு வரும், பின்னாலேயே எண்ணெய் மூக்கு வழியாக ஒழுகும். விடிந்தால் போதும், நகர் முழுக்க ஓங்கரிக்கும் சத்தம். சாக்கடை பாகு கட்டி நின்றது, சுவரெல்லாம் எறும்பு ஏறியது, ஈ மொய்க்காத முகம் இல்லை. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல, இனிப்பும் புளிப்பும் காறலும் சேர்ந்து மாவு புளித்துப்போன மாதிரி ஒரு வாடை, துவைத்துப் போட்ட சேலையிலும் தலையணை உறையிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

இதைப் பார்த்து ஒருத்தராவது, ஐயோ, இத்தனையும் நம் வயிற்றுக்குள்ளா கிடந்தது, இனிமேலாவது வாயைக் கட்டுவோம் என்று நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. பழசு வெளியே வந்துவிட்டது, வயிறு காலியாகிவிட்டது, இனிப் புதுசு போடலாம் என்று நினைத்தார்கள். கக்கின வாயைக் கொப்புளித்துவிட்டு நேராக டீக்கடைக்கு நடந்தார்கள். நடக்கிறதிலும் பாதியைக் குறைத்துக்கொண்டார்கள், உடம்புதான் தானாகவே சுத்தமாகிறதே என்று.

அதற்கடுத்துதான் அந்தக் கேவலம் நடந்தது. தங்கமாரியப்பனின் கொழுந்தியாள் முறைக்காரி ஒருத்தி ஊரிலிருந்து வந்தவள், அவர் கக்கியதைக் கொட்டுவதற்காகக் கொல்லைப்புறத்துத் திட்டில் தட்டில் வைத்திருந்த மிட்டாயைக் கடையில் வாங்கியது என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டாள். சண்முகத்தாய் ஓடி வருவதற்குள் முழுங்கியும் விட்டாள். மறுநாள் அவளுடைய முட்டிவலி போய்விட்டது, அல்லது போய்விட்டதென்று அவள் சொன்னாள். காசித் தீர்த்தம் பட்ட வயிற்றில் ஊறி வந்த பண்டமல்லவா, பிரசாதமாகத்தான் இருக்க வேண்டும் என்று பூரணத்தம்மாள் சொன்னாள், அதற்கு வன்னியராஜ் வாத்தியார் ஆமாம் போட்டார், அடுத்த நாள் காலையில் தங்கமாரியப்பன் வீட்டு வாசலில் வரிசை நின்றது.

அவருக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் காசியில் வாங்கிய உருத்திராட்சம், முன்னால் வாழையிலை போட்ட தாம்பாளம். நாற்காலியில் உட்கார்ந்து எல்லார் முன்னிலையிலும் கக்குவார். அப்புறம் பழைய கண்டக்டர் குரல் தானாக வந்துவிடும். "வரிசையில வாங்க, வாசல்ல நிக்காதீக, உள்ள தள்ளிப் போங்க!" விரலால் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். விரலில் ஒட்டிய பாகையும் விடாமல் நக்கினார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தையின் வாயை நெருக்கித் திறந்து ஒரு துணுக்கை உள்ளே வைத்ததைப் பார்த்தபோது, சண்முகத்தாய் கொல்லைப்புறத்துக்கு ஓடி வெறும் வயிற்றோடு ஓங்கரித்தாள்.

"அது வாந்திங்க" என்று அன்று மத்தியானம் சொன்னாள். "நாய் மோந்து பாத்துட்டுப் போன வாந்தி. அதப் போயி சனங்களுக்குக் குடுக்கீகளே."

"வாயக் கழுவு மொதல்ல. சாமி காரியத்துல நாக்கு நீளக் கூடாது."

"சாமி காரியம் கெடக்கட்டும். உங்க காலப் பாத்தீகளா?"

அவர் பார்க்கவில்லை. சாக்ஸைக் கழற்றுவதையே நிறுத்திவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்திருப்பதும் இல்லை. பக்கத்தில் சாம்பிராணி புகைந்துகொண்டே இருந்தது, பக்திக்கென்று மற்றவர்கள் நினைத்தார்கள், எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் அவர் தூங்கும்போது சாக்ஸை உருவினாள், தோலும் கூட வந்தது. சுண்டுவிரல் கருப்பட்டி நிறத்தில் இருந்தது. பேசினில் வந்த அதே வாடை அங்கேயும் வந்தது, இனிப்பும் அழுகலும் ஒன்றாக. டாக்டர் ரெஜினா வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டாள். "இந்த வாரத்துக்குள்ள சர்க்கரை இறங்கியாகணும்க்கா. இல்லேன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். அதுக்கும் தாமதிச்சா ஆளே போயிருவாரு."

ஆள் போய்விடுவார் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு அவர் மேல் இருந்த அருவருப்பு குறையவில்லை, ஆனால் ஒரு பயமும் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. வீட்டிலிருந்த மிட்டாய்க் கொட்டானைத் தூக்கிப் பரண் மேல் போட்டாள், இவருக்கு விற்காதே என்று கடைக்காரனிடம் கெஞ்சினாள், அவரிடம் சத்தியம் வாங்கினாள். எல்லாம் செய்துவிட்டு சாயங்காலம் வாசலுக்கு வந்தபோது, வரிசை கலைந்து தாம்பாளத்தில் மிச்சம் கிடந்த கடைசித் துண்டை அவர் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தார். அவர் கக்கினது. காலையில் அவர் தொண்டையிலிருந்து வந்தது.

"என்னோடதுதான?" என்றார் அவர், தாடையை நிறுத்தாமல். "கருப்பட்டிதான?"

மறுநாள் அதே துண்டு திரும்ப வந்தது. அவர் அதைத் திரும்பத் தின்றார். அதற்கு மறுநாளும் வந்தது. அவள் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இத்தனை நாளும் அவளுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. நான் நாக்குக்கு அடிமை இல்லை, என்னிடம் விட வேண்டியது எதுவும் இல்லை என்று அவள் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தாள். அந்த வாரக் கடைசியில் ஒரு காலை நேரத்தில் அவள் தொண்டையில் ஏதோ அடைத்தது. பேசினுக்கு ஓடினாள். வந்து விழுந்தது ஒரு அரை இட்லி. ஆறிப்போய், சட்னி காய்ந்து ஒட்டிய இட்லி. ஓரத்தில் கடித்த தடம், தடத்தின் நடுவே ஒரு பல் அளவுக்குக் கடிபடாத இடம். அவளுக்குத் தெரியாத பல்லா, பஸ் கதவு இடித்து தங்கமாரியப்பனுக்கு முன்பல் ஒன்று போனது கல்யாணமான புதிதில்.

அதோடு நிற்கவில்லை. குழம்பில் பிசைந்து ஒதுக்கிய சோற்று உருண்டை வந்தது, அதில் யாரோ சப்பிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை. மகன் ஊறவைத்துத் தின்னாமல் விட்ட பிஸ்கட், கூழாக. மகள் வேண்டாம் என்று தள்ளிய பாலாடை. மாமியார் காய்ச்சலில் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்த கஞ்சி. எல்லாம் அவரவர் மிச்சம் வைத்தபடியே, யார் யார் எச்சிலோ அந்தந்த எச்சிலோடு. பேசின் நிரம்பித் தரையில் வழிந்தது. சண்முகத்தாய் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் அவர் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, அதற்கப்புறம் அவர் தட்டிலேயே எல்லாத் தட்டு மிச்சத்தையும் வழித்துப் போட்டு அவள் சாப்பிடுவாள். பசிக்கென்று தின்றதில்லை, ருசிக்கென்று தின்றதில்லை, கொட்ட மனசு வராமல் தின்றது. முட்டி வீங்கியதும், படி ஏறினால் மூச்சு வாங்கியதும், பிரஷர் மாத்திரை ஒன்று ரெண்டானதும் அதில்தான். காத்தைக் குடிச்சாலும் உனக்கு உடம்பு போடுது என்று அவர் கேலி செய்யும்போது அவளும் கூடச் சிரித்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து, கையாலேயே அள்ளி அள்ளி ஒரு தாம்பாளத்தில் போட்டாள்.

வாசலில் வரிசை நின்றிருந்தது. தாம்பாளத்தைக் கொண்டுபோய் அவருடைய தாம்பாளத்துக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தாள்.

"எடுத்துக்கோங்க. நானும் காசிக்குப் போனவதான்."

முன்னால் நின்ற பூரணத்தம்மாள் ஓரடி பின்னால் போனாள். "ச்சீ! இது எச்சி, மதினி!"

"எது எச்சி? அவுக வாயில வந்தா பிரசாதம், என் வாயில வந்தா எச்சியா? கண்ணுல ஒத்திக்கிட்டுத் தின்னுங்க. ஏன், ஈ மொய்க்கேன்னு பாக்கீகளா? அதுலயும்தான் மொய்க்கி."

யாரும் கை நீட்டவில்லை. தங்கமாரியப்பன் அதட்டுவதற்கு வாயைத் திறந்தவர், குனிந்து தாம்பாளத்தைப் பார்த்தார். அந்த அரை இட்லி மேலாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய நாக்கு, அவருக்குத் தெரியாமலே, முன்பல் இல்லாத சந்துக்குள் போய்த் தடவிப் பார்த்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தார், சோற்று உருண்டை, சக்கை, கஞ்சி.

"இதெல்லாம் நீ தின்னியா?" என்று கேட்டார். கண்டக்டர் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பெறகு யாரு திம்பா?"

அவர் முகம் வெளுத்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். இந்தத் தடவை மிட்டாய் வரவில்லை. எல்லா மனிதர்களுக்கும் வருகிற சாதாரண வாந்தி, மஞ்சளாக, கசப்பாக, கூழும் சளியுமாகத் தாம்பாளத்திலும் விபூதியிலும் உருத்திராட்சத்திலும் தெறித்தது. அதைப் பார்த்த வன்னியராஜ் வாத்தியாருக்கு வந்தது. அவரைப் பார்த்த கைக்குழந்தைக்காரிக்கு வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும், இத்தனை நாள் கண்ணில் ஒற்றித் தின்றது என்னவென்று இப்போதுதான் நாக்கில் உறைத்த மாதிரி, சுவரைப் பிடித்துக்கொண்டும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் பிடித்துக்கொண்டும் எடுத்தார்கள். மத்தியானம் வரைக்கும் தெரு அதைத்தான் செய்தது. சாயங்காலம் அவரே ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார்.

சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போயின. கால் தப்பியது.

அன்றோடு எல்லாரும் திருந்தி நல்லபடியாக வாழ்ந்தார்கள் என்று சொன்னால் அதைவிட அருவருப்பான பொய் வேறு இருக்காது. பூரணத்தம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு பஜ்ஜி தின்றாள், கதவைச் சாத்திக்கொண்டு கக்கினாள். தங்கமாரியப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, இனிமேல் தொடவே மாட்டேன் என்று குலசாமி மேல் சத்தியம் பண்ணக் கையைத் தூக்கியபோது, சண்முகத்தாய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். "சத்தியம் ஒண்ணும் வேண்டாம். காசியிலயே பாத்தாச்சு உங்க சத்தியத்த. நீங்க திங்கும்போது நானும் கூட உக்காந்து திங்குறேன். அது போதும்."

அவ்வளவுதான் அவள் மாற்றியது. ரெண்டு தட்டு, ஒரே நேரம், எதிரும் புதிரும். முதல் சில நாள் அவருக்குச் சாப்பிடவே தெரியவில்லை. மலை மாதிரி போட்டுக்கொண்டார், பாதியில் கை ஓய்ந்தது, வழக்கம்போலத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தன் தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. அவர் கட்டுப்போட்ட காலோடு விந்தி விந்திப் போய்க் கொல்லையில் அந்த மிச்சத்தைத் தானே கொட்டினார். அது விழுந்த சத்தத்தை ரெண்டு பேரும் கேட்டார்கள். மறுநாள் கொஞ்சம் குறைத்துப் போட்டார். எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது இனிப்புக்குக் கையும் நீளவில்லை. சாப்பிட்டு முடித்து ரயில்வே கேட் வரைக்கும் ரெண்டு பேரும் நடந்தார்கள், அந்தப் பாதையில் டீக்கடை கிடையாது.

மிட்டாய் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகி, வாரத்துக்கு ஒன்றாகி, நின்றேவிட்டது. அப்புறம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் மறுபடி ஒன்று வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. "ஏய் சம்முகம், வந்து பாரு" என்று கூப்பிட்டார். அவள் வந்து பார்த்தாள். "நேத்துப் பந்திக்குப் பின்னால போனீக. பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் அதைத் தன் கையால் பேப்பரில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். "கெளம்பு, கேட்டு வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார்.

அவருக்கு நின்றுபோனது அவளுக்கு நிற்கவில்லை. ஒரு ஆயுசு முழுக்க வழித்துத் தின்றது, அத்தனை சீக்கிரம் எப்படித் தீரும். தினமும் காலையில் அவள் பேசினில் குனிவாள். அவர் விரலில்லாத காலை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்து நின்று, ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையில் தண்ணீர்ச் செம்பை வைத்திருப்பார். வருவதை எல்லாம் பார்ப்பார், முகத்தைத் திருப்ப மாட்டார். அடைத்துக்கொண்டால் அவரே விரலை விட்டு எடுப்பார். எடுக்கும்போது அவருக்குத் தொண்டை புரட்டும், தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் முட்டும்.

ஒருநாள் அவள் நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அருவருப்பா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு" என்றார் அவர். "ரொம்ப இருக்கு."

செம்பைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றி, தன் பல்தடம் பதிந்திருந்த அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பேப்பரில் வைத்துவிட்டு, பேசினைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார்.